கழுதைக்கு வாசிக்கத் தெரியும்

தம்பி, ஊட்டியிலிருந்து நீ அனுப்பிய கேள்வியை இரண்டு தடவை படித்தேன். 'விலங்குப் பண்ணை' இந்த செமஸ்டர் உனக்குப் பாடம். வகுப்பில் கொடுத்த குறிப்பில் 'பிரச்சாரத்தை நம்பிய மிருகங்கள் அழிந்தன, கேள்வி கேட்டவை பிழைத்தன' என்று இருக்கிறது. ஆனால் கதையில் எதிர்த்து நின்ற கோழிகள்தான் முதலில் சாகின்றன, எதையும் யோசிக்காத ஆடுகள் கடைசிப் பக்கம்வரை கத்திக்கொண்டே இருக்கின்றன, அப்புறம் அந்தக் குறிப்பு எப்படிச் சரியாகும் என்று கேட்டிருக்கிறாய்.

குறிப்பு சரியில்லை. இந்தப் பாடத்தை முப்பது வருஷம் நடத்தியவன் சொல்கிறேன், நானே ஆரம்பத்தில் அப்படித்தான் எழுதிப் போட்டேன். கரும்பலகையில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் நம்பியவர்கள், அந்தப் பக்கம் கேட்டவர்கள் என்று பிரித்துவிட்டால் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வசதி. ஒரு வருஷம் கோத்தகிரியில் கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண், "சார், பெஞ்சமின் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். அன்றைக்கு அந்தக் கோட்டை அழித்தேன்.

கதையை ஒரு தடவை ஓட்டிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஒரு பண்ணை. குடிகார முதலாளி ஜோன்ஸை மிருகங்கள் ஒன்றுசேர்ந்து விரட்டுகின்றன. பன்றிகள் தலைமைக்கு வருகின்றன. அவற்றில் நெப்போலியன் என்பது தன்னோடு போட்டியிட்ட ஸ்னோபாலை நாய்களை ஏவித் துரத்திவிட்டுத் தனி ராஜாவாகிறது. ஸ்குவீலர் என்ற பன்றிதான் அதன் வாய். சுவரில் எழுதிய ஏழு கட்டளைகள் ஒவ்வொன்றாக ராத்திரியோடு ராத்திரியாக மாறுகின்றன. ஸ்டாலின் கால ரஷ்யாவை மனதில் வைத்து ஜார்ஜ் ஆர்வெல் எழுதி, 1945 ஆகஸ்ட் 17 அன்று வெளிவந்த உருவகக் கதை இது.

இப்போது செத்தவர்களை எண்ணிப் பார்ப்போம். முட்டைகளை வெளியே விற்கப்போகிறோம் என்று உத்தரவு வந்ததும் கோழிகள் உத்தரத்தில் ஏறி முட்டையிட்டு, கீழே விழுந்து உடையவிட்டன. நெப்போலியன் தீவனத்தை நிறுத்தியது. ஐந்து நாளில் ஒன்பது கோழிகள் பட்டினியில் செத்தன. வெளியே நோய் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அடுத்து முற்றத்தில் நடக்கும் படுகொலை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை ரத்து செய்ததை எதிர்த்துக் குரல் கொடுத்த நான்கு இளம் பன்றிகள், முட்டைக் கலகத்துக்குத் தலைமை தாங்கிய மூன்று கோழிகள். இதுவரை எல்லாம் கேள்வி கேட்டவை. ஆனால் அதோடு நிற்கவில்லை. போன வருஷ அறுவடையில் ஆறு கதிர் திருடினேன் என்று ஒரு வாத்து தானாக வந்து ஒப்புக்கொண்டு சாகிறது. ஸ்னோபால் சொல்லித்தான் குடிதண்ணீர்க் குளத்தை அசிங்கப்படுத்தினேன் என்று ஒரு ஆடு சொல்கிறது. இவை யாரையும் எந்தக் கேள்வியும் கேட்டதில்லை. நம்பியதால்தான் வரிசையில் வந்து நின்றன. மாஸ்கோவில் 1936 முதல் 1938 வரை நடந்த விசாரணைகளில் பழைய புரட்சிக்காரர்களே செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு செத்தார்கள். அதுதான் இந்தக் காட்சிக்கு மூலம்.

ஆக, கேட்டதும் செத்தது, கேட்காததும் செத்தது. நம்பிக்கை உயிரைக் காப்பாற்றவில்லை, சந்தேகமும் காப்பாற்றவில்லை. அப்படியானால் எது காப்பாற்றியது என்பதுதான் கேள்வி. அதற்கு பாக்ஸர் என்ற குதிரையிடம் போக வேண்டும்.

பாக்ஸரை எல்லோரும் 'கண்மூடி நம்பியவன்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். மூன்று ஆள் வேலையை ஒரு ஆளாகப் பார்க்கும் குதிரை. இன்னும் கடினமாக உழைப்பேன், நெப்போலியன் சொல்வது எப்போதும் சரி, இந்த இரண்டுதான் அதன் மந்திரம். ரஷ்யாவில் 1935இல் ஸ்டகானோவ் என்ற சுரங்கத் தொழிலாளி ஒரே ஷிப்டில் 102 டன் நிலக்கரி வெட்டினான் என்று ஊரெங்கும் படம் ஒட்டி, மற்றவர்களையும் அப்படி உழைக்கச் சொன்னார்கள். பாக்ஸரில் அந்த வாடை இருக்கிறது. ஆனால் பாக்ஸர் ஒரே ஒரு தடவை கேள்வி கேட்டது, அதைத்தான் ஏழாம் அத்தியாயத்தில் தவறவிடக்கூடாது. ஸ்னோபால் ஆரம்பத்திலிருந்தே ஜோன்ஸின் கையாள் என்று ஸ்குவீலர் சொல்கிறது. பாக்ஸர் எழுந்து, நான் அதை நம்பவில்லை, ஜோன்ஸை எதிர்த்து நடந்த மாட்டுத்தொழுவச் சண்டையில் ஸ்னோபால் வீரமாகச் சண்டை போட்டதை என் கண்ணால் பார்த்தேன் என்கிறது. தோழர் நெப்போலியனே தீர்மானமாகச் சொல்லிவிட்டார் என்று ஸ்குவீலர் சொன்னதும், அப்படியானால் சரி என்று உட்கார்ந்துவிடுகிறது. அந்த நேரத்தில் ஸ்குவீலர் பாக்ஸரைப் பார்த்த பார்வையை ஆர்வெல் ஒரு வரியில் காட்டிவிட்டு நகர்கிறார்.

நான்கு நாள் கழித்து, முற்றத்தில் அந்தப் படுகொலை நடந்த அன்று, நாய்கள் பாய்ந்தபோது அவற்றில் மூன்று பாக்ஸர் மேல் பாய்கின்றன. பாக்ஸர் ஒன்றைக் காற்றிலேயே பிடித்துக் குளம்புக்கு அடியில் போட்டு அழுத்துகிறது. மற்ற இரண்டும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடுகின்றன. அப்புறம் பாக்ஸர் என்ன செய்கிறது? நசுக்கட்டுமா, விடட்டுமா என்று நெப்போலியன் முகத்தைப் பார்க்கிறது. விடச் சொன்னதும் விட்டுவிடுகிறது. இந்த ஒரு காட்சியை வைத்து ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்கலாம். பண்ணையில் நாய்களைத் தடுக்கக்கூடிய ஒரே உடம்பு அது. தன் பலம் அதற்கே தெரியவில்லை, பன்றிக்குத் தெரிந்துவிட்டது. கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொண்டதால் பாக்ஸருக்கு மன்னிப்பு கிடைக்கவில்லை. கேட்கக்கூடிய ஆள் என்பது பதிவாகிவிட்டது, அவ்வளவுதான். இந்தக் கதை தோன்றிய விதத்தை ஆர்வெல் 1947இல் உக்ரேனிய மொழிபெயர்ப்புக்கான முன்னுரையில் சொல்கிறார். ஒரு சின்னப் பையன் பெரிய வண்டிக்குதிரையை ஒற்றையடிப் பாதையில் ஓட்டிப்போகிறான், அது திரும்பப் பார்த்தாலே சாட்டையால் அடிக்கிறான். இந்த மிருகத்துக்குத் தன் பலம் தெரிந்தால் நம்மால் என்ன செய்ய முடியும் என்று அவருக்குத் தோன்றியதாம்.

சரி, இப்போது அந்தக் கடைசி பெஞ்ச் பெண் கேட்ட ஆள். பெஞ்சமின் என்ற கழுதை. பண்ணையிலேயே வயதானது. பன்றிகள் அளவுக்கு வாசிக்கத் தெரியும், ஆனால் வாசிக்காது. வாசிக்கும்படி எதுவும் இல்லை என்று சொல்லிவிடும். புரட்சியைப் பற்றிக் கேட்டால், கழுதைகள் ரொம்ப நாள் வாழும், செத்த கழுதையை நீங்கள் யாரும் பார்த்ததில்லை என்கிறது. ஸ்குவீலரின் ஒரு வார்த்தையையும் அது நம்பவில்லை. நடுராத்திரியில் ஸ்குவீலர் ஏணியிலிருந்து விழுந்து, பக்கத்தில் பெயிண்ட் டப்பா கவிழ்ந்து கிடந்தபோது யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பெஞ்சமின் மட்டும் புரிந்ததுபோல் தலையை ஆட்டியது, வாயைத் திறக்கவில்லை. கதை முடியும்போது உயிரோடிருக்கிறது. மூக்கோரம் கொஞ்சம் நரைத்திருக்கிறது.

உன் குறிப்பில் இருக்கும் சூத்திரத்தில் இது எங்கே பொருந்தும்? நம்பவும் இல்லை, கேட்கவும் இல்லை. பிழைத்துக்கொண்டது. உயிர் பிழைப்பது மட்டும்தான் கணக்கு என்றால் இந்தப் பண்ணையில் கெட்டிக்காரன் கழுதைதான்.

இந்த இடத்தில் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பெஞ்சமினை நான் புத்தகத்தில் பார்ப்பதற்கு முன்னால் வீட்டில் பார்த்தவன்.

எழுபதுகளின் கடைசி. கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. அம்மா கொழுந்து பறிப்பவள், அப்பா செக்ரோல் என்ற கூலிக் கணக்குப் பதிவேட்டை எழுதுபவர். சாயங்காலம் மூன்று கம்பம் நட்டு, நடுவில் தொங்கு தராசு மாட்டி, கொழுந்து நிறுப்பார்கள். மழைக் காலத்தில் இலையில் தண்ணீர் இருக்கும் என்று தண்ணிக் கழிவு உண்டு, அது நியாயம்தான். ஆனால் எங்கள் தராசு வெயில் காலத்திலும் குறைத்தே காட்டியது. பெண்கள் முணுமுணுப்பார்கள். அதற்கு மேஸ்திரி வைத்திருந்த பதில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "பாக்டரியில நஷ்டம் ஓடுது. தோட்டத்தை மூடிட்டா எங்கே போவீங்க?" அந்த ஒரு வரியோடு வாய்கள் மூடிவிடும்.

பக்கத்து லைனில் ஒரு அக்கா இருந்தார். சிலோனிலிருந்து வந்தவர். இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம். கூடலூர், குன்னூர், கோத்தகிரி என்று இந்த மலை முழுக்க அப்படி வந்தவர்கள் இருக்கிறார்கள், உனக்குத் தெரிந்ததுதான். அந்த அக்கா பேச்சில் அடிக்கடி ஒன்று வரும்: "தேயிலைத் தூருல தேங்காயும் மாசியும் இருக்குன்னு சொல்லித்தானே எங்க பூட்டனைக் கூட்டிட்டுப் போனாங்க." மாசி என்றால் மாசிக் கருவாடு. செடியைத் தோண்டினால் தேங்காயும் கருவாடும் கிடைக்கும் என்று கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள் என்பது மலையகத்தில் எல்லோரும் சொல்லும் பேச்சு. நம்பிப் போனவர்களில் எத்தனையோ பேர் மன்னாரிலிருந்து மாத்தளைக்குப் போகும் காட்டுவழியிலேயே காலராவிலும் காய்ச்சலிலும் செத்தார்கள். இதில் ஒன்றை நீ கவனிக்க வேண்டும். நம்பாமல் ஊரிலேயே இருந்தவர்களும் தப்பிக்கவில்லை, 1876இல் தாது வருஷப் பஞ்சம் வந்து லட்சக்கணக்கில் கொண்டுபோனது. ஏமாளிகள் என்று போனவர்களைச் சொல்லிவிட முடியாது. வயிறு காய்ந்தவனுக்குச் செடிக்கு அடியில் கருவாடு இருக்கிறதா என்று விசாரிக்க நேரமில்லை. பண்ணை மிருகங்களும் அப்படித்தான். ஜோன்ஸ் காலத்துப் பட்டினி வயிற்றில் இருக்கும்வரை ஸ்குவீலருக்கு வேலை சுலபம்.

அந்த அக்கா ஒரு சனிக்கிழமை ரேஷன் கடையில் பத்துக் கிலோ அரிசி வாங்கினார். வாங்கியதைப் பிரிக்காமல் அப்படியே கொழுந்து நிறுக்கும் இடத்துக்குத் தூக்கிவந்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், தன் முறை வந்தபோது கொக்கியில் மாட்டினார். முள் எட்டரையில் நின்றது. நான் அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். முப்பது பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தரும் மூச்சு விடவில்லை. மேஸ்திரி "ரேஷன்காரன் ஏமாத்திட்டான்" என்று சிரித்தார். கூட்டத்தில் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மறுநாளிலிருந்து அக்காவுக்குக் கொழுந்து வேலை இல்லை. மலைச்சரிவின் அந்தக் கடைசியில், அட்டை மொய்க்கும் பள்ளத்தில் களை வெட்டப் போட்டார்கள். ராத்திரி வீட்டில் அப்பா, "ஒன்றரை கிலோ குறையுதுன்னு எனக்கு மூணு வருஷமாத் தெரியும்" என்றார். அம்மா அடுப்பு ஊதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "தெரிஞ்சுமா எழுதினீங்க?" அப்பா, "சொல்லி என்ன ஆகப்போகுது? அவளைப் பார்த்தியில்ல" என்றார். அம்மா அப்புறம் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் எங்கள் வீட்டு அரிசியை எடுத்துக்கொண்டு போனாள். அவளோடு இன்னும் மூன்று பேர், ஆளுக்கு ஒரு மூட்டை. நான்கு பேரின் ரேஷன்காரனும் ஏமாற்றினான் என்று சொல்ல முடியவில்லை. அந்த வாரம் தராசைக் கழற்றிக் குன்னூருக்கு ரிப்பேருக்கு அனுப்பினார்கள். தப்பு நடந்தது என்று யாரும் சொல்லவில்லை. அக்காவை மட்டும் பள்ளத்திலிருந்து மேலே கூப்பிடவே இல்லை, சில வருஷத்தில் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார்.

இதை வைத்து பெஞ்சமினைப் படி. பாக்ஸர் கீழே விழுந்த பிறகு, ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம் என்று பன்றிகள் ஒரு வண்டியை வரவழைக்கின்றன. மிருகங்கள் எல்லாம் வயலில் களை எடுத்துக்கொண்டிருக்கின்றன. அப்போது பெஞ்சமின் பாய்ந்து வருகிறது. அது ஓடி அன்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். கூடவே ஓடிவந்த மிருகங்கள் வண்டியைச் சூழ்ந்து பாக்ஸருக்கு விடைகொடுக்கும்போது, வண்டியின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் பெஞ்சமின் சத்தமாக வாசிக்கிறது: குதிரை அறுப்பவர், பசை காய்ச்சுபவர், தோல் வியாபாரி. பாக்ஸர் உள்ளே இருந்து உதைக்கிறது. ஒரு காலத்தில் இரண்டு உதையில் அந்த வண்டி சுக்குநூறாகியிருக்கும். இப்போது பலம் இல்லை. மூன்று நாளில் ஸ்குவீலர் வந்து, அந்த வண்டியை மாட்டு டாக்டர் விலைக்கு வாங்கினார், பழைய பெயரை இன்னும் அழிக்கவில்லை, அவ்வளவுதான் என்கிறது. மிருகங்களுக்கு அப்பாடா என்று ஆகிறது. பாக்ஸரை விற்ற காசில் பன்றிகள் ஒரு பெட்டி விஸ்கி வாங்கிவிட்டன.

கழுதை வாசித்தது உண்மை. வாசித்த நேரம்தான் தப்பு. நாய் பாக்ஸர் குளம்புக்கு அடியில் கிடந்த நாளில், கட்டளையின் வார்த்தை மாறிய அன்றே, ஒரு வரி சத்தமாக வாசித்திருந்தால் கேட்பதற்கு ஒரு முழுக் குதிரை இருந்தது. இதை நான் கழுதையைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை, முதலில் வாசித்திருந்தால் கழுதையையும் நாய்கள் குதறியிருக்கலாம். 'சொல்லி என்ன ஆகப்போகுது?' என்ற அப்பாவின் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் நேரான பதில் இல்லை. அவர் அந்தச் சம்பளத்தில்தான் என்னைப் படிக்கவைத்தார்.

மெய்ப்பொருள் காண்பது அறிவு என்று வள்ளுவர் சொன்னதை இந்தக் கேள்விக்கு எழுதாத விடைத்தாளே கிடையாது. நூற்றுக்கணக்கில் திருத்தியிருக்கிறேன். ஆனால் பெஞ்சமின் மெய்ப்பொருளைக் கண்டுவிட்டது, ஸ்குவீலரும் கண்டதுதான், அதைவிட நன்றாகவே. கண்டபின் யாரிடம், எப்போது சொன்னது என்பதில்தான் பண்ணையின் கதை இருக்கிறது. நீ குறளை எழுதினால் இந்த இடத்தையும் சேர்த்து எழுது.

இனி ஸ்குவீலர் எப்படி வேலை செய்கிறது என்று பார். மிருகங்களை முழுதாக நம்பவைக்க அது ரொம்ப மெனக்கெடுவதில்லை. ஒவ்வொன்றும் தன் ஞாபகத்தையே சந்தேகப்பட்டால் அதற்குப் போதும். பன்றிகள் கட்டிலில் படுக்கின்றன என்று கேள்விப்பட்டதும் குளோவர் என்ற பெண் குதிரை சுவருக்குப் போகிறது. கட்டிலில் படுக்கக்கூடாது என்று கட்டளை இருந்ததாக அதற்கு ஞாபகம். எழுத்துக்கூட்டத் தெரியும், வாசிக்க வராது. முரியல் என்ற வெள்ளாடு வாசிக்கிறது: 'விரிப்போடு' கட்டிலில் படுக்கக்கூடாது. விரிப்பு என்ற வார்த்தை இருந்ததாக குளோவருக்கு ஞாபகமில்லை. ஆனால் சுவரில் இருக்கிறதே, அப்போ இருந்திருக்கும் என்று திரும்பிவிடுகிறது. பக்கத்தில் இருந்த இன்னொரு மிருகத்திடம் 'உனக்கு என்ன ஞாபகம்?' என்று கேட்கவில்லை. ஒரு மூட்டை அரிசிக்கும் நான்கு மூட்டை அரிசிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஒருத்தர் ஞாபகம் என்றால் மறதி என்று தள்ளிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஸ்குவீலர் நீளக் காகிதத்தைக் காலில் பிடித்துக்கொண்டு உற்பத்தி இருநூறு சதவீதம், முந்நூறு சதவீதம், ஐந்நூறு சதவீதம் கூடிவிட்டது என்று வாசிக்கும். ரேஷன் குறைந்தால் 'குறைப்பு' என்று சொல்லாது, 'சரிக்கட்டல்' என்று சொல்லும். வெளியாள் விம்பர் பார்வையிட வரும்போது காலித் தொட்டிகளை மணலால் நிரப்பி மேலே மட்டும் தானியத்தைத் தூவி வைக்கிறார்கள். அவர் காதில் விழும்படி ரேஷன் கூடிவிட்டது என்று பேச ஆடுகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார்கள். இது கற்பனை என்று நினைக்காதே. 1932-33இல் உக்ரைனில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தபோது பஞ்சமே இல்லை என்று வெளிநாட்டுப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிய நிருபர்கள் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேல் அதன் கடைசி ஆயுதம், 'ஜோன்ஸ் திரும்பி வரவேண்டுமா?' பாலையும் ஆப்பிளையும் பன்றிகள் எடுத்துக்கொண்டதற்கு முதல் தடவை சொன்ன சாக்கும் இதுதான், மேஸ்திரியின் 'தோட்டத்தை மூடிட்டா' என்பதும் இதுதான். இந்த மாதிரி அபாயக் குரல் நிஜமா பொய்யா என்று பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு, அதை முதுமலையில் கற்றுக்கொண்டேன். மசினகுடி பக்கம் காலையில் போயிருந்தால் நீயும் பார்த்திருப்பாய். மந்திகள் மரத்தில் இருக்க, கீழே புள்ளிமான்கள் மேயும். மந்தி உச்சியிலிருந்து இருமுவதுபோல் ஒரு சத்தம் கொடுத்தால் மான்கள் தலையைத் தூக்கி, காதை விறைத்து, காலைத் தட்டும். புலியையோ சிறுத்தையையோ மான் கண்ணால் பார்க்கவில்லை. ஆனாலும் நம்புகிறது, நம்பிப் பிழைக்கிறது. சந்தேகப்பட்டு நின்ற மான்தான் அங்கே செத்துப்போகும். அந்த நம்பிக்கை நியாயமானது, ஏனென்றால் சிறுத்தை வந்தால் மந்திக்கும் ஆபத்து. கத்துகிறவனும் ஓடவேண்டியவன். ஸ்குவீலர் ஜோன்ஸைக் காட்டிக் கத்தும்போது அதுவும் ஓடுகிறதா பார். ஓடுவதே இல்லை. கடைசிக் காட்சியில் பன்றிகள் பக்கத்துப் பண்ணை மனிதர்களோடு மேஜையில் உட்கார்ந்து சீட்டு விளையாடுகின்றன. எந்த ஆபத்தைச் சொல்லி மற்றவர்களை அடக்கினார்களோ, அந்த ஆபத்தோடு இவர்களுக்கு விருந்து.

ஆடுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாலு கால் நல்லது, இரண்டு கால் கெட்டது என்று கத்தும். பன்றிகள் இரண்டு காலில் நடக்க ஆரம்பிப்பதற்கு முன் ஆடுகளை ஒரு வாரம் தனியாகக் கூட்டிப்போய்ப் புதுப் பாட்டு சொல்லித் தருகிறார்கள். அவை எதையும் நம்புவதாகக்கூட எனக்குத் தோன்றவில்லை. யாராவது வாய் திறக்கும் நேரத்தில் கத்தவேண்டும், அதுதான் வேலை. இன்றைக்கு உன் கையிலிருக்கும் போனில் அந்த ஆடுகளை நீயே அடையாளம் கண்டுகொள்வாய்.

மோலி என்ற அலங்காரப் பிரியக் குதிரையை மறந்துவிடாதே. ரிப்பனும் சர்க்கரையும் வேண்டும் என்று பக்கத்து ஊர் மனிதனிடம் ஓடிவிடும். புரட்சியையும் நம்பவில்லை, பிரச்சாரத்தையும் கேட்கவில்லை, சுகமாக இருக்கிறது. வகுப்பில் மோலியைத் திட்டாத ஆள் கிடையாது. வயதானபின் எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. வெளியே போக வழியிருந்தவள் போனாள். ஒன்பது கோழிகளுக்கும் அந்த வழி இருக்கவில்லை.

இன்னொரு விஷயம், தேர்வில் யாரும் எழுதுவதில்லை. ஆர்வெல் இதை வெளியே நின்று பார்த்து எழுதவில்லை. 1937இல் ஸ்பெயினில் பாசிஸ்டுகளை எதிர்த்துப் போரிட்டுக் கழுத்தில் குண்டு வாங்கியவர். அடுத்த மாதமே, அவர் எந்தக் கட்சியின் படையில் இருந்தாரோ அந்தக் கட்சியைத் துரோகிகள் என்று அறிவித்தார்கள், மனைவியோடு தப்பி ஓட வேண்டியதாயிற்று. பாக்ஸர் 'என் கண்ணால் பார்த்தேன்' என்று சொல்வதில் அந்தச் சூடு இருக்கிறது. அப்புறம் 1941 முதல் 1943 வரை பி.பி.சி.யில், நம் நாட்டுக்கு ஒலிபரப்பும் பிரிவில் வேலை பார்த்தார். யுத்தகாலத்தில் அது பிரிட்டிஷ் பிரச்சார வேலைதான். அதை விட்டு வெளியே வந்த கையோடு இந்தக் கதையை எழுத உட்கார்ந்தார், சில மாதத்தில் முடித்தார். ஸ்குவீலர் பேசும் வாக்கியங்கள் அவ்வளவு கச்சிதமாக இருப்பதற்கு அந்த நாற்காலியும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

பிரச்சாரத்தைப் பற்றிய இந்தக் கதையே பிரச்சாரமாகவும் ஆனது, அதையும் தெரிந்துகொள். 1954இல் இங்கிலாந்தில் கார்ட்டூன் படமாக எடுத்தார்கள். பின்னால் இருந்து பணம் கொடுத்தது அமெரிக்க உளவுத்துறை சி.ஐ.ஏ. அந்தப் படத்தில் முடிவை மாற்றிவிட்டார்கள். கடைசியில் மிருகங்கள் திரண்டு பன்றிகள் மேல் பாய்கின்றன. திரட்டிக்கொண்டு வருவது யார் தெரியுமா? பெஞ்சமின். கழுதை தலைவனாகிவிடுகிறது. பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆர்வெலின் கழுதை அப்படி வரவே வராது.

உன் விடைக்கு வருகிறேன். 'நம்பியவை, கேட்டவை' என்ற தலைப்பிலேயே எழுது, கேள்வி அப்படித்தான் வரும். ஆனால் உள்ளே குளோவர் சுவருக்குப் போகும் இரண்டு இடத்தை எடுத்துக்கொள். எட்டாம் அத்தியாயத்தில், கொலைகளுக்குப் பிறகு, மிருகம் மிருகத்தைக் கொல்லக்கூடாது என்ற ஆறாவது கட்டளையை வாசித்துக் காட்டு என்று பெஞ்சமினிடம் கேட்கிறது. இந்த மாதிரி விஷயத்தில் தலையிடமாட்டேன் என்று பெஞ்சமின் மறுத்துவிடுகிறது. பத்தாம் அத்தியாயத்தில் குளோவருக்கு வயதாகிக் கண் மங்கிவிட்டது, மறுபடி கேட்கிறது. இந்த முறை பெஞ்சமின் தன் வழக்கத்தை விட்டுவிட்டு வாசித்துக் காட்டுகிறது, அப்போது சுவரில் ஒரே ஒரு கட்டளைதான் மிச்சம். இந்த இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, நடுவில் என்னென்ன நடந்தது என்று எழுதி அனுப்பு. திருத்தித் தருகிறேன். இங்கே இரண்டு நாளாக மஞ்சு இறங்கிக் கிடக்கிறது, எனக்கும் வேலை ஒன்றும் இல்லை.